ஒன்றா, இரண்டா? சித்தி மகனுக்கு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிய கதை

போன மாதம் ஒரு ராத்திரி, சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கணினியில் ஆட்டப் படங்களை வரையும் கிராஃபிக்ஸ் கார்டு, பழைய ஜிடிஎக்ஸ் 1080 டிஐ ஒன்றை மேசை விரிப்பின் மேல் கிடத்தி எடுத்த படம். கோலாலம்பூர் செராஸில் யாரோ விற்கிறார்கள், 650 வெள்ளி, அதாவது ரிங்கிட். கீழே ஒரே வரி: “அண்ணே, என்கிட்ட ஏற்கெனவே ஒன்னு இருக்கு. இதையும் போட்டா டபுள்தானே?”

இல்லை என்று ஒரே சொல்லில் பதில் போட்டிருக்கலாம். மனசு வரவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் அதே கணக்கைப் போட்டு இரண்டு கார்டு வாங்கியவன் நான். அந்த இரண்டையும் இணைத்த பாலம், விரல் நீளத்துக்கு ஒரு பட்டை, இன்னும் என் மேசை இழுப்பறையில் பழைய சிம் கார்டுகளோடு கிடக்கிறது. அதனால் அந்த வாரக் கடைசியில் செந்தூலில் இருக்கும் அவர்கள் பிளாட்டுக்கே போய் உட்கார்ந்து பேசினேன். சித்தி தே தாரிக் கலக்கிக் கொடுத்தார். இவன் தன் கணினிப் பெட்டியின் கண்ணாடிக் கதவைக் கழற்றி வைத்தான்.

அவன் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. அதே கார்டில் இன்னொன்று வாங்கி இரண்டாக ஓட்டுவது. இருப்பதை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று எடுப்பது. இருப்பதை வைத்துக்கொண்டு பக்கத்தில் சின்னதாக ஒரு துணைக் கார்டு போடுவது. இல்லையென்றால் ஒன்றும் வாங்காமல் இருப்பதைச் சரிபண்ணிக்கொள்வது. கடைசி வழியை எந்தக் கடைக்காரரும் உங்களிடம் சொல்ல மாட்டார்.

இரண்டு கார்டு ஆசை எங்கிருந்து வந்தது

இந்த ஆசை ஒன்றும் முட்டாள்தனம் இல்லை, ஒரு காலத்தில் அது நல்ல கணக்கு. 1998-இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் ஊடூ 2 கார்டுகள் இரண்டை இணைத்தால், திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒன்றும் இரட்டைப்படை வரிகளை மற்றொன்றும் வரையும். எஸ்எல்ஐ என்று அதற்குப் பெயர். அந்த நிறுவனம் நொடித்துப்போய் அதன் சரக்கெல்லாம் கார்டு சிப் செய்யும் என்விடியா நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2004-இல் என்விடியா அதே எஸ்எல்ஐ என்ற பெயரை வேறு விரிவாக்கத்தோடு திரும்பக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே போட்டி நிறுவனம் ஏடிஐ தன் பங்குக்கு அதே மாதிரி இரட்டைக் கார்டு ஏற்பாடான கிராஸ்ஃபயரை இறக்கியது. 2010-இல் ஜிடிஎக்ஸ் 460 இரண்டைச் சேர்த்தால், அப்போதைய பெரிய கார்டான 480-ஐப் பல ஆட்டங்களில் முந்திவிடும். நடுத்தர விலையில் இரண்டு வாங்கி மேல்தட்டு வேகத்தை எடுக்கலாம் என்ற நம்பிக்கை அந்த நாட்களில் ஊறியது. கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் வளாகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று கார்டு அடுக்கி, நீல விளக்கு போட்டு, வாசலில் வைத்திருந்த கடைகளை நானே வாய் பிளந்து பார்த்திருக்கிறேன்.

என்னுடையது ஜிடிஎக்ஸ் 970 இரண்டு. முதலாவதை 2014 கடைசியில் வாங்கினேன், அடுத்ததை மறு வருடம். ஜிடிஏ 5-இல் இரண்டும் சேர்ந்து ஓடியபோது கிடைத்த சந்தோஷம் பொய் இல்லை. ஒரு கார்டில் திணறிய அமைப்புகள் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடின. ஆனால் அந்தச் சந்தோஷம் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். அடுத்து வாங்கிய ஆட்டத்தில் இரண்டாவது கார்டு சும்மா சுற்றியது. இன்னொன்றில் புல்வெளி முழுக்க மினுக்மினுக்கென்று வெட்டியது, இரண்டாவதை நிறுத்தினால்தான் சரியானது. புது ஆட்டம் வாங்கும்போதெல்லாம் அதற்கு எஸ்எல்ஐ புரொஃபைல், அதாவது அந்த ஆட்டத்தை இரண்டு கார்டில் ஓட்டவைக்கும் அமைப்பு, வந்துவிட்டதா என்று பார்ப்பதே எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. மேலே இருந்த கார்டு, கீழே இருந்ததன் சூட்டைக் குடித்துக் குடித்து 80 டிகிரியைத் தாண்டும். எட்டாவது மாதம் ஒரு மத்தியானம், பவர் சப்ளை பொட்டென்று ஒரு சத்தம் போட்டு, கருகிய வாசனையோடு அடங்கியது. மலிவு விலைப் பவர் சப்ளை, வாங்கியது என் புத்தி, அதனால் பெயர் வேண்டாம். கார்டுகள் தப்பித்தன. அதற்குப் பிறகு ஒன்றை மட்டும் திரும்ப மாட்டினேன். மற்றதை விற்றேன்.

ரொட்டியும் தயிரும்

இரண்டு கார்டு ஏன் இரண்டு மடங்கு ஆவதில்லை என்று தம்பிக்கு விளக்க ஒரு மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் உணவகம், போதும். கல்லில் ரொட்டி போடுகிறவர் ஒருவர். கூட்டம் ஏறினால் பக்கத்தில் இன்னொரு கல், இன்னொரு ஆள். முதல் ரொட்டி இவர், இரண்டாவது அவர், மூன்றாவது இவர். எஸ்எல்ஐ, கிராஸ்ஃபயர் இரண்டும் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்தன. ஃபிரேம் என்றால் திரையில் வரும் ஒரு முழுப் படம். ஒரு ஃபிரேம் இந்தக் கார்டு, அடுத்த ஃபிரேம் அந்தக் கார்டு. ஒரு ரொட்டிக்கும் அடுத்த ரொட்டிக்கும் சம்பந்தம் இல்லாதவரை இது அருமையான ஏற்பாடு.

அப்போதும் ஒரு குறை இருந்தது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 16.7 மில்லிநொடிக்கு ஒரு தடவை வரவேண்டும். இரண்டு கார்டில் ஒன்று 5 மில்லிநொடியில் வரும், அடுத்தது 28 மில்லிநொடி கழித்து வரும், மறுபடி 5, மறுபடி 28. கூட்டி வகுத்தால் எண் 60-தான் காட்டும். கண்ணுக்கு அது 60 இல்லை. பழைய ரயில் மாதிரி குலுங்கிக்கொண்டு வரும். என்னிடம் எண் பெரிதாக இருந்தும் ஏதோ சரியில்லை என்று பல நாள் குழம்பியதற்குக் காரணம் இந்த நுண்ணிய தடுக்கல்தான்.

இப்போதைய ஆட்டங்கள் ரொட்டியே இல்லை, தயிர். இன்றைய தயிருக்கு நேற்றைய தயிரிலிருந்து ஒரு கரண்டி உறை வேண்டும். விளிம்புகளை மழுப்பும் டிஏஏ, சின்னப் படத்தைப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் எல்லாமே முந்தின ஃபிரேமிலிருந்து தகவல் எடுத்துத்தான் இந்த ஃபிரேமை முடிக்கின்றன. முந்தின ஃபிரேம் அடுத்த கார்டில் இருக்கிறது என்றால், அது முடிக்கும்வரை இது கை கட்டி நிற்கவேண்டும். முடித்ததையும் கார்டு சொருகும் ஸ்லாட் வழியாக இழுத்துவர வேண்டும். உறைக்குக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டாவது பானை இருந்து என்ன பயன்?

இதோடு பொறுப்பும் கை மாறியது. முன்பெல்லாம் ஆட்டத்துக்கு ஆட்டம் புரொஃபைல் எழுதி, இரண்டு கார்டையும் ஒன்றாக ஓட்டவைப்பது, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் வேலை. 2015-இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12, அதற்கடுத்து வந்த வல்கன் என்ற, ஆட்டம் கார்டோடு பேசும் இரண்டு புது வழிகளிலும் அந்த வேலை ஆட்டத்தை எழுதுகிறவர்கள் தலையில் விழுந்தது. இரண்டு கார்டு வைத்திருக்கும் ஒரு சிறு கூட்டத்துக்காக யார் மெனக்கெடுவார்கள்? ஷேடோ ஆஃப் த டூம் ரெய்டர், வல்கனில் ஓடும் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடியவை மெனக்கெட்டன. சைபர்பங்க் 2077 அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கார்டு செய்கிறவர்களும் கையைக் கழுவினார்கள். 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060-இல் பாலம் மாட்டும் இடமே கிடையாது. 2020-இன் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் 3090-க்கு மட்டும் என்விலிங்க் என்ற பாலம் இருந்தது. 2022-இல் வந்த 4090-இல் அதுவும் போனது. 2021 ஜனவரி 1-லிருந்து பழைய கார்டுகளுக்குப் புது எஸ்எல்ஐ புரொஃபைல் எழுதுவதை என்விடியா நிறுத்திக்கொண்டது. அதாவது தம்பி வாங்க நினைத்த ஜோடிக்கு, அந்தத் தேதிக்குப் பிறகு வந்த ஆட்டம் தானாக இரண்டு கார்டை ஆதரித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

1080 டிஐ ஜோடிக்குத் தனியாக இன்னும் சில அடிகள்

நினைவகம் இரட்டிப்பாகாது. 11 ஜிபியும் 11 ஜிபியும் சேர்ந்தால் ஆட்டத்துக்கு 11 ஜிபிதான். ஒவ்வொரு கார்டும் முழு ஃபிரேமை வரைவதால், எல்லாப் படச்சரக்கும் இரண்டிலும் தனித்தனியாக இருந்தாக வேண்டும்.

அடுத்தது ரே டிரேசிங், ஒளிக்கதிரின் போக்கைக் கணக்கிட்டுப் படம் வரையும் முறை. இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், டூம்: த டார்க் ஏஜஸ் மாதிரி ஆட்டங்கள் அதற்கான வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது. 1080 டிஐ-இல் அது இல்லை. இல்லாததை இரண்டு தடவை மாட்டினாலும் இல்லாததுதான். இன்னொன்று, அந்தத் தலைமுறைக்குப் புது ஆட்டங்களுக்கான டிரைவர் வருவது 2025 அக்டோபரோடு முடிந்தது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். 2017 மார்ச்சில் வந்த கார்டுக்கு இது நல்ல ஆயுள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாகப்போகிற மாட்டுக்கு ஜோடி தேடுவானேன்?

இதையெல்லாம் அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். முகத்தில் நம்பிக்கை இல்லை. “பழைய ஆட்டம் மட்டும் விளையாடுறேன்னு வச்சுக்கோங்களேன்” என்றான். சரி என்று டார்ச் அடித்து அவன் மதர்போர்டைக் காட்டினேன். அது பி450 போர்டு. மேல் ஸ்லாட்டுக்கு மட்டும் பிராசஸரிலிருந்து நேராகத் தகவல் போகும் பதினாறு தடம் வருகிறது. கீழே பார்க்க அதே நீளத்தில் இருக்கும் ஸ்லாட்டுக்கு சிப்செட் என்ற இடைச் சில்லு வழியாக நான்கே தடம். என்விடியாவின் எஸ்எல்ஐக்கு ஒவ்வொரு கார்டுக்கும் குறைந்தது எட்டுத் தடம் வேண்டும், போர்டும் அதற்கு அனுமதி பெற்றதாக இருக்கவேண்டும். ஆக 650 வெள்ளிக் கார்டை வாங்கிவந்து மாட்டியிருந்தால், அது உள்ளே உட்கார்ந்து சூடாகியிருக்கும், அவ்வளவுதான். ஜோடி சேரவேண்டுமென்றால் வேறு போர்டு வேண்டும். 650 வாட் பவர் சப்ளையும் போதாது, 850-ஆவது வேண்டும். மலிவு என்று தொடங்கிய கதை புதுக் கார்டு விலைக்கு வந்து நிற்கிறது.

இரண்டாவது கார்டு வாங்க நினைக்கிறவர்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் தங்கள் மதர்போர்டின் கையேட்டில் ஸ்லாட் பற்றிய பக்கத்தை மட்டும் படித்துவிடுங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே முடிவு தெரிந்துவிடும்.

கரண்டும் சூடும்

கோலாலம்பூரில் இது தனிப் பேச்சு. 1080 டிஐ ஒன்று 250 வாட், இரண்டு என்றால் 500. அவனுக்கு நான் மனதில் வைத்திருந்த, ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கார்டு 160 வாட். வித்தியாசம் 340 வாட். தினம் நான்கு மணி நேரம் விளையாடினால் மாதத்துக்கு 41 யூனிட்டை ஒட்டி வரும். 2025 ஜூலையில் வந்த புதுக் கட்டணத்தில், சலுகைகளைக் கழிக்காமல் பார்த்தால், சாதாரண வீட்டுக்கு யூனிட் 44.43 காசு. மாதம் 18 ரிங்கிட், வருடத்துக்கு 200-ஐத் தாண்டும். பெரிய தொகை இல்லை என்று தோன்றலாம். பில் கட்டுவது சித்தி.

அதைவிடச் சூடுதான் பிரச்சினை. கார்டு குடிக்கும் 500 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் வருகிறது. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் வெளியே தள்ளக்கூடிய சூடு ஏறக்குறைய 2,600 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கை இந்த இரண்டு கார்டே தின்றுவிடும். அவன் அறையில் ஏர்கோன் கிடையாது, சுவரில் ஒரு காற்றாடி. மத்தியானம் நான்கு மணிக்கு, ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரை மினுங்கும்போது, அந்த அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்தவர்கள் இரண்டாவது கார்டைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

துணைக் கார்டு என்ற புது வழி

மூன்றாவது வழியைத்தான் நான் உடனே தள்ளிவிடவில்லை. ஸ்டீமில் லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்று ஒரு சின்ன மென்பொருள் விற்கிறார்கள். ஆட்டம் வரையும் இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் அது ஒன்றோ பலவோ தானாக இட்டுநிரப்பும். அந்த வேலையை ஒரு துணைக் கார்டுக்குத் தள்ளிவிடலாம் என்பதுதான் இதில் சுவாரசியம். பெரிய கார்டு ஆட்டத்தை மட்டும் வரையும், சின்னது இடைவெளியை நிரப்பி மானிட்டருக்கு அனுப்பும். மானிட்டர் கேபிளைத் துணைக் கார்டில் சொருகவேண்டும், விண்டோஸில் ஆட்டத்தைப் பெரிய கார்டில் ஓட்டும்படி சொல்லவேண்டும். இரண்டும் ஒரே இனமாக இருக்கவேண்டியதில்லை. ஒன்று என்விடியா, ஒன்று ஏஎம்டி என்றாலும் ஓடும். எஸ்எல்ஐ காலத்தில் இது நினைத்தும் பார்க்கமுடியாத வசதி.

ஆனால் இட்டுநிரப்பிய ஃபிரேம் கண்ணுக்குத்தான் வழவழப்பு, கைக்கு இல்லை. மவுஸை அசைத்தால் ஆட்டம் பதில் சொல்வது அசல் ஃபிரேம்களின் வேகத்தில்தான். அசலே 60-ஐ ஒட்டி வந்தால் நன்றாக இருக்கும். 30-இல் தள்ளாடினால் ஓடும் ஆளைச் சுற்றி ஆவி மாதிரி நிழல் வரும். வேகமான மானிட்டரும், நல்ல முதல் கார்டும், வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு பழைய கார்டும் உள்ளவர்கள் ஒரு சனிக்கிழமை முயன்று பார்க்கலாம். இதற்கென்று காசு போட்டு இன்னொரு கார்டு வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. தம்பியிடம் சும்மா கிடந்த கார்டு எதுவும் இல்லை, பி450-இன் கீழ் ஸ்லாட்டும் மெதுவானது. ஆகவே இதுவும் போனது.

விளையாட்டுக்கு வெளியே நிலைமை வேறு. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் படம் ரெண்டர் செய்கிறவருக்கு இரண்டு கார்டு ஏறக்குறைய பாதி நேரத்தில் வேலையை முடித்துக்கொடுக்கும், ஏனென்றால் அங்கே துண்டு துண்டாகப் பிரித்துக்கொடுக்கலாம். வீட்டிலேயே ஏஐ மொழி மாதிரிகளை ஓட்டிப் பார்க்கிறவர்கள் பழைய 3090 இரண்டை வைத்து, ஒரு மாதிரியின் அடுக்குகளைப் பாதிப் பாதியாகப் பங்குபோடுகிறார்கள். 24 ஜிபியும் 24 ஜிபியும் அங்கே நிஜமாகவே 48 ஆகிறது. வேலைக்காக இரண்டு வாங்குகிறவரை நான் தடுக்க மாட்டேன். அந்தச் சாக்கில் விளையாட்டும் வேகமாகும் என்று மட்டும் நினைக்கவேண்டாம்.

ஒன்றும் வாங்காமல்

முதலில் இதைச் செய்தோம். பெட்டியைத் தூக்கி வெளி வராந்தாவுக்குக் கொண்டுபோய்த் தூசி ஊதினோம். செந்தூல் தூசியோடு பூனை முடியும் வந்தது. கார்டின் மூடியைக் கழற்றினால் சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. எட்டு வருடப் பேஸ்ட். துடைத்துப் புதிதாகத் தடவி மூடினோம். ரேம் வேகமும் பயாஸில் குறைந்த அளவிலேயே கிடந்தது, அதை முழு வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பி அமைப்பை யாரும் போடவில்லை. அதையும் போட்டோம். முன்பு 84 டிகிரியில் முட்டிக்கொண்டு வேகத்தைக் குறைத்த கார்டு 73-இல் நின்றது. நடுநடுவே வந்த திணறல் பாதி போய்விட்டது. 20 ரிங்கிட்கூடச் செலவில்லை. இன்னும் இரண்டு வருடம் பழைய ஆட்டங்களோடு காலம் தள்ளுகிறவனாக இருந்தால் இங்கேயே நிறுத்தச் சொல்லியிருப்பேன். இவனோ டூம் விளையாடவேண்டும் என்கிறான்.

அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு, செந்தூலிலிருந்து எல்ஆர்டி ஏறி, ஹாங் துவாவில் மோனோரெயிலுக்கு மாறி, இம்பியில் இறங்கி லோ யாட்டுக்கு நடந்தோம். போட்டி இரண்டு கார்டுகளுக்கு நடுவில்: ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. டிஎல்எஸ்எஸ் கையில் கிடைக்கும் என்பதால் முதலாவதில் அவனுக்கு ஆசை. நான் மறுபடி அந்த பி450 போர்டைப் பற்றித்தான் சொன்னேன். 5060 டிஐ எட்டுத் தடத்தில் ஓடும் கார்டு, அவன் போர்டில் அந்தத் தடங்களோ பழைய தலைமுறை, பிசிஐஇ 3.0. தடமும் பாதி, வேகமும் பழசு என்றால் சில ஆட்டங்களில் இழப்பு தெரியும். 9060 எக்ஸ்டி பதினாறு தடமும் எடுத்துக்கொள்ளும். புது போர்டு வைத்திருக்கிறவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது, அவர்கள் விலையைப் பார்த்து எதையும் எடுக்கலாம். எட்டு ஜிபி கார்டை மட்டும் இரண்டு பக்கத்திலும் எடுக்கவேண்டாம். பதினொன்றிலிருந்து எட்டுக்கு இறங்க யாராவது காசு கொடுப்பார்களா?

நான்கு கடை ஏறி இறங்கி, கடைசியில் மூன்றாவதாகப் பார்த்த கடைக்கே திரும்பிப் போய் 9060 எக்ஸ்டி எடுத்தான். வேகம் டபுள் ஆகவில்லை, அவன் 1440பி மானிட்டரில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆனால் எல்லா ஆட்டத்திலும் அந்த ஒன்றரை மடங்கு கிடைக்கிறது. டூமும் ஓடுகிறது. அறைக்குள் சூடும் முன்னைவிடக் குறைந்திருக்கிறது என்று சித்தியே சொன்னார்.

பழைய கார்டை ஆன்லைனில் போட்ட மூன்றாவது நாள் ஆள் கிடைத்தது. மஸ்ஜித் ஜாமேக் எல்ஆர்டி நிலையத்தில் சந்தித்தோம். வாங்க வந்தவர் இருபத்தைந்து வயதிருக்கும் தமிழ்ப் பையன், காற்றாடியைச் சுற்றிப் பார்த்தார், தங்க முனைகளை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், பணத்தை எண்ணிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டேன். வீட்டில் இதேபோல் ஒன்று இருக்கிறதாம். எஸ்எல்ஐ போர்டு, ஆயிரம் வாட் பவர் சப்ளை எல்லாம் சேர்த்தாயிற்று, 2017-க்கு முந்தின ஆட்டங்கள் மட்டும் ஓட்ட ஒரு பெட்டி கட்டுகிறாராம்.

“பாலம்தான்ணே எங்க தேடியும் கிடைக்கல” என்றார். தம்பி என்னைப் பார்த்தான். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அதே நிலையத்தில் இறங்கி, இழுப்பறையில் கிடந்ததைக் கொடுத்துவிட்டு வந்தேன். காசு வாங்கவில்லை.